இருவர் மொழிக்கு ஓர் எழுத்துரு

இருவர் மட்டுமே அறிந்த மொழி ஒன்று எங்களிடம் இருக்கிறது. கல்லூரி விடுதியின் மொட்டைமாடியில் விளையாட்டாகத் தொடங்கி, படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் பிரிந்த பின்னரும் விடாது தொடர்ந்து, இன்று 2,300 சொற்களும் ஓர் இலக்கணமும் 31 எழுத்துகளும் கொண்டதாக அது வளர்ந்து நிற்கிறது. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே வந்துவிடுவார் என்ற அச்சம் எங்களில் ஒருவருக்கு இன்னமும் உண்டு. மற்றவருக்கு அந்த அச்சம் இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

மொழி ஆக்கும் பழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. டோல்கியன் 1931ஆம் ஆண்டு இது குறித்து ஆற்றிய உரைக்கு ‘இரகசியத் தீய பழக்கம்’ என்று பொருள்படத் தலைப்பிட்டார். ஆனால் அவர் பேனாவால் எழுதியவர். தாம் படைத்த தெங்வார் எழுத்துகளை விரும்பியவண்ணம் வளைத்தும் நெளித்தும் வரைந்துகொள்ள அவருக்கு மையும் தாளும் போதுமானவையாக இருந்தன. எங்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஒருவர் மதுரையிலும் மற்றவர் மஸ்கட்டிலும் இருந்துகொண்டு கடிதம் எழுதிக்கொள்ள வேண்டுமானால் எங்கள் எழுத்து கணினிக்குள் போயாக வேண்டும். போன இடத்தில் அது பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லவந்தோம்.

2002இல் எங்கள் முதல் எழுத்துருவைச் செய்தோம். அன்று எல்லாரும் செய்த முறையிலேயே செய்தோம். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. 97 என்ற எண் வந்தால் இலத்தீன் ‘ஏ’யின் சிறிய வடிவத்தைக் காட்டு என்பது உலகம் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. அந்த 97ஆம் அறையில் ‘ஏ’யை அழித்துவிட்டு எங்கள் எழுத்தை வரைந்து வைத்துவிட்டால், விசையைத் தட்டியவுடன் திரையில் எங்கள் எழுத்து வந்து நிற்கும். அரிசி என்று ஒட்டிய டப்பாவில் துவரம்பருப்பைப் போட்டு வைப்பது போன்றது இது. அந்த வீட்டு அடுப்படியில் புழங்குகிறவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. விருந்தினர் வந்து உலை வைக்கும்போதுதான் தொல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இதழுக்கோர் எழுத்துரு, நிறுவனத்துக்கோர் எழுத்துரு என்று நாம் அல்லாடிய காலம் வெகுதொலைவில் இல்லை. டிஸ்கி என்றும் டாப் என்றும் டாம் என்றும் பெயர்கள் மாறினவேயன்றி உள்ளே நடந்தது டப்பா மாற்றும் வேலைதான். எழுத்துரு இறக்கப்படாத கணினியில் நம் கவிதைகள் ஐரோப்பிய ஒலிக்குறிகளின் குப்பையாகத் தெரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே எங்கள் மொழிக்கு அதே கதி நேர்ந்தபோது வருத்தம் இருந்ததே தவிர வியப்பு இல்லை.

இந்த வழியிலும் அழகு உண்டு என்பதை மட்டும் மறைக்கக்கூடாது. டான் ஸ்மித் என்பவர் 1990களில் தெங்வாருக்குச் செய்த எழுத்துருக்களைப் பாருங்கள். தெங்வாரின் முதன்மையான எழுத்துகள் ஒலிப்பிறப்பின்படி நான்கு வரிசைகளில் நிற்பவை. பல்லில் பிறப்பவை ஒரு வரிசை, இதழில் பிறப்பவை மற்றொன்று என்று ஏறத்தாழ நம் வல்லின மெல்லின வைப்பை நினைவூட்டும் ஒழுங்கு. விசைப்பலகையிலும் நான்கு வரிசைகள். ஸ்மித் ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்திவிட்டார். எண்வரிசையின் 1இல் தின்கோ, அதன் கீழே கியூவில் பார்மா, அதன் கீழே ஏயில் கால்மா, அதன் கீழே இசட்டில் குவெஸ்ஸே. இலத்தீன் ஒலிக்கும் தெங்வார் ஒலிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கை மட்டும் இடத்தை அறியும். உயிர்க்குறிகளை எழுத்தின் தலைமேல் வைக்கவேண்டும். எழுத்துகளோ அகலத்தில் வேறுபடுபவை. தானாக நகர்த்திப் பொருத்தும் அறிவு அன்றைய எழுத்துருவுக்கு இல்லை. ஆகையால் ஒவ்வோர் உயிர்க்குறியையும் நான்கு வெவ்வேறு தள்ளலில் வரைந்து நான்கு விசைகளில் வைத்தார். எந்த எழுத்துக்கு எந்தத் தள்ளல் என்பதை எழுதுபவரின் கண் தீர்மானிக்கும். இது அச்சுக்கோப்பவரின் வேலை. எங்களுக்கு அது பிடித்திருந்தது. எங்கள் எழுத்திலும் உயிர்க்குறிகள் மெய்யின் தலைமேல் அமர்பவை என்பதால் அந்த முறையை அப்படியே எடுத்தாண்டோம்.

பிடிக்காமல் போனதற்கு முதற்காரணம் அகராதி. 2004இல் அகராதி ஆயிரம் சொற்களைத் தாண்டியபோது, ஒரே உயிர்க்குறிக்கு நான்கு எண்கள் இருப்பதால் தேடல் பொய்த்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்கள் கணினிக்கு வேறுவேறாக இருந்தன. இரண்டாவது காரணம் விண்டோஸில் குறியீட்டு எழுத்துரு என்று ஒரு தனிச்சாதி இருப்பது. எழுத்துருவுக்குள் ஒரு சிறு அறிவிப்பு அதனைக் குறியீட்டு வகையென்று சொல்லிவிட்டால், அதன் வடிவங்கள் 97 முதலிய எண்களில் அல்லாது 61,440க்கு மேற்பட்ட வேறோர் அடுக்கில் வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஒரு மென்பொருள் அந்த அடுக்கின் எண்ணைச் சேமிக்கும், மற்றொன்று 97ஐச் சேமிக்கும். மதுரையில் எழுதிய கடிதம் மஸ்கட்டில் பாதி எழுத்தும் பாதி கட்டமுமாகத் திறந்ததற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

ஆகவே தனிப்பயன் பகுதிக்குக் குடிபெயர்ந்தோம்.

யூனிகோட் என்னும் பெருநகரில் ஒதுக்கப்படாத புறம்போக்கு ஒன்று உண்டு. பதின்ம எண்ணில் சொன்னால் 57,344 முதல் 63,743 வரை 6,400 மனைகள். இன்னும் தொலைவில் இதைவிடப் பன்மடங்கு பெரிய பரப்பு இரண்டும் இருக்கின்றன. இவ்விடங்களுக்கு யூனிகோட் அவை எக்காலத்திலும் எந்த எழுத்தையும் ஒதுக்காது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வைப்பவரும் படிப்பவரும் ஒத்துக்கொண்டால் போதும். இருவர் மொழிக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் இருக்க முடியுமா?

புறம்போக்கில் யார் எங்கே குடிசை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது நல்லதென்று ஜான் கோவனும் மைக்கேல் எவர்சனும் எண்ணினார்கள். ஆக்கமொழிகளின் எழுத்துகளுக்கென அவர்கள் நடத்திய பதிவேட்டில் முதல் மனை, 57,344 தொடங்கி 128 இடங்கள், தெங்வாருக்கு. கடைசி 48 இடங்கள் ஸ்டார் ட்ரெக் தொடரின் கிளிங்கனுக்கு. கிளிங்கனை முறையாக யூனிகோடில் சேர்க்கவேண்டும் என்று எவர்சன் 1997இல் விண்ணப்பித்திருந்தார். 2001இல் அது மறுக்கப்பட்டது. அம்மொழி பேசுபவர்களே தங்களுக்குள் இலத்தீன் எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பெர்னார்ட் ஷாவின் உயில்வழிப் பிறந்த ஷேவியன் எழுத்துக்கோ 2003இல் முறையான இடமே கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தைப் புதிதாக எழுத உருவான அந்த எழுத்தில் 1962இல் பெங்குயின் பதிப்பகம் ஷாவின் நாடகம் ஒன்றை, எதிர்ப்பக்கத்தில் வழக்கமான எழுத்துடன், அச்சிட்டிருந்தது. அச்சில் ஏறிய எழுத்துக்கு மதிப்பு தனிதான்.

புறம்போக்கின் வேடிக்கைகளைச் சொல்லி மாளாது. கிளிங்கன் மனைகளில் கடைசியான 63,743ஆம் இடத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் கடித்த ஆப்பிள் சின்னத்தை வைத்திருக்கிறது. அதே இடத்தில் பதிவேடு வைத்திருப்பது கிளிங்கன் பிணப்பதனக் குறியை. இணையப் பக்கங்களில் நாம் காணும் வண்டிக்கூடை, உறை, பூட்டு முதலிய சிறுபடங்களை எழுத்துருவாகச் செய்பவர்களும் இங்கேதான் குவிகிறார்கள். நம் தமிழும் வந்து பார்த்த இடம் இது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் டேஸ் 16 என்ற முறையை 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றபோது, அதன் எழுத்துகள் குடியமர்ந்தது இந்தத் தனிப்பயன் பகுதியில்தான். கிளிங்கர்களும் குட்டிச்சாத்தான்களும் வாழும் தெருவில் நம் ககரமும் சில காலம் வீடு பார்த்தது என்பது எங்களுக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி தருவது.

எங்கள் எழுத்துகளைப் பகுதியின் நடுவில், ஓர் ஒதுக்குப்புறத்தில் வைத்தோம். அகரவரிசையின்படியே எண்களை அடுக்கினோம். தனிப்பயன் பகுதி எழுத்துகளின் வரிசைமுறை கணினிக்குத் தெரியாது, எண்ணின் ஏறுமுகத்தில்தான் அடுக்கும் என்பதால் இது சோம்பேறித்தனமான, ஆனால் உறுதியான ஏற்பாடு. இதன் பயன் பின்னால் தெரிந்தது. அதற்கு வருவோம்.

எழுத்துருவைச் செய்வது ஒரு வேலை. அகராதி மென்பொருளை அதனை ஏற்கச் செய்வது வேறொரு வேலை. ஃபாண்ட்ஃபோர்ஜில் அழகாக நின்ற எழுத்து மென்பொருளில் கட்டமாக வரும். அல்லது பழைய வடிவமே பிடிவாதமாக வரும். அல்லது மெய் வரும், உயிர்க்குறி பக்கத்தில் அனாதையாக நிற்கும். மூன்றும் வெவ்வேறு நோய்கள். மூன்றுக்கும் ஒரே மருந்தாகக் கணினியை அணைத்து ஏற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. சில வேளைகளில் அது பலிக்கவும் செய்யும் என்பதுதான் கொடுமை.

முதலில் குற்றவாளி எழுத்துருவா, மென்பொருளா என்று பிரித்தறிய வேண்டும். அலங்காரம் ஏதுமற்ற ஓர் உரைதிருத்தியில் அதே சொல்லை ஒட்டி, அதே எழுத்துருவைத் தேர்ந்து பார்த்தால் போதும். அங்கே சரியாக வந்தால் எழுத்துரு நிரபராதி. பெரும்பாலும் மென்பொருளின் ஏதோ ஒரு சாளரம், சொற்பட்டியலோ அச்சு முன்னோட்டமோ, நீங்கள் தேர்ந்த எழுத்துருவைக் கேளாமல் தன் வழக்கமான எழுத்துருவில் காட்டிக்கொண்டிருக்கும்.

பழைய வடிவமே வருவதன் மர்மம் பெயரில் இருக்கிறது. கோப்பின் பெயர் வேறு, எழுத்துருவின் உள்ளே எழுதப்பட்ட பெயர் வேறு. கோப்பின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் கணினி உட்பெயரைத்தான் பார்க்கும். அந்தப் பெயரில் ஒன்று தன் நினைவுக் கிடங்கில் ஏற்கெனவே இருந்தால், ‘இவரைத்தான் தெரியுமே’ என்று பழையவரையே உட்காரவைத்துவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் உட்பெயரின் இறுதியில் ஓர் எண்ணைக் கூட்டுவது என்று முடிவு செய்தோம். இப்போது 23இல் நிற்கிறோம். பழையவற்றைக் கணினியிலிருந்து நீக்குவதும் கட்டாயம்.

உயிர்க்குறிதான் எங்களை அதிகம் படுத்தியது. தமிழில் ககரத்தின்மேல் புள்ளி சரியாக உட்காருகிறதென்றால், அது சார்ந்தெழுத்து, தனித்து நில்லாது என்ற செய்தி யூனிகோடின் அட்டவணையிலேயே இருப்பதும் அதற்குக் காரணம். தனிப்பயன் பகுதியின் எழுத்துகளுக்கு அப்படி எந்தக் குலமும் கோத்திரமும் இல்லை. எல்லாமே இடமிருந்து வலம் செல்லும், தனித்து நிற்கும் குறிகள் என்றே கருதப்படும். (வலமிருந்து இடம் எழுதும் மொழியை ஆக்கியவர்களின் துன்பத்தை எண்ணிப்பாருங்கள். வரிக்கு வரி திசைமாற்றக் குறியை ஒளித்து வைத்தால்தான் அவர்களுடைய எழுத்து சரியான பக்கத்தில் தொடங்கும்.) ஆகவே, ‘இது குறி, மெய்யின் தலைமேல் இன்ன இடத்தில் இதை இருத்து’ என்பதை எழுத்துருவே தன் உள் அட்டவணைகளில் சொல்லியாக வேண்டும். சொன்னோம். ஒரு மென்பொருள் கேட்டது. மற்றொன்று கேட்கவில்லை. ஜாவாவில் எழுதப்பட்ட நிரல்களில் இது இயல்பு. உரை எளியது என்று தோன்றினால் விரைவுக்காக நுட்ப விதிகளை அவை ஓட்டிப்பார்ப்பதேயில்லை. நிரலை எழுதியவர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டால்தான் ஓட்டும். 2017இல் வந்த ஜாவா 9 முதல் ஹார்ஃப்பஸ் என்ற வல்லமையான இயந்திரம் உள்ளே அமர்ந்திருக்கிறது என்றாலும், அதை எழுப்புவது நிரலாளரின் கையில்தான்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு பழைய தட்டச்சுக் காலத்து உத்தி. குறியின் அகலத்தைச் சுழியாக்கி, அதன் வடிவத்தைத் தன் தொடக்கக் கோட்டுக்கு இடப்புறம் தள்ளி வரைந்துவிடுவது. விதிகளை அறிந்த மென்பொருள் நுட்பமாகப் பொருத்தும். அறியாதது வெறுமனே அடுத்தடுத்து வைத்தாலும், குறி பின்னோக்கிச் சாய்ந்து முந்திய மெய்யின் தலைமேல் ஏறத்தாழ வந்து அமரும். அகலமான எழுத்துகளில் சற்றே கோணும். கையெழுத்தில் கோணாததா?

பிடிஎஃப் கோப்பில் எழுத்து மறைவது இன்னொரு சில்லறைத் தொல்லை. எழுத்துருவுக்குள் உட்பொதிவு உரிமை என்று ஓர் எண் இருக்கிறது. அது 2 என்றிருந்தால் ‘என்னை எந்த ஆவணத்திலும் பொதியாதே’ என்று பொருள். நாமே வரைந்த எழுத்துக்கு நாமே பூட்டுப் போட்டுக்கொள்வானேன்? சுழியாக்கிவிட்டால் தீர்ந்தது.

இவையெல்லாம் தீரக்கூடிய நோய்கள். தீராதது ஒன்று நேர்ந்தது.

திரையில் நம் எழுத்துக்குப் பதில் தெரியும் பொய்யுருக்களில் இரண்டை மட்டும் நன்றாக அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டம். மற்றொன்று கேள்விக்குறி. கட்டம் வந்தால் மகிழலாம். எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதற்குரிய வடிவம்தான் கிடைக்கவில்லை என்று எழுத்துரு தன் முதல் அறையில் உள்ள வெற்றுருவை எடுத்துக்காட்டுகிறது. சரியான எழுத்துருவைக் கொடுத்தவுடன் எல்லாம் உயிர்பெற்றுவிடும். கேள்விக்குறி அப்படியன்று. எங்கேயோ ஒரு நிரல், தன் சிறிய 256 அறை அட்டவணைக்குள் இந்தப் பெரிய எண்ணை அடைக்க முடியாமல், அதனை எறிந்துவிட்டு அவ்விடத்தில் கேள்விக்குறியின் எண்ணான 63ஐ எழுதிவைத்துவிட்டது என்பது அதன் பொருள். எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது. அங்கே மீட்பதற்கு ஒன்றுமே இல்லை.

2006 ஆகஸ்டில் மதுரைக் கணினியின் வன்தட்டு செத்தது. பிப்ரவரியில் எடுத்த படி ஒன்று இருந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஆக்கிய சொற்கள், தட்டு சாவதற்குச் சில நாட்களுக்கு முன் அச்சிடுவதற்காக அகராதி மென்பொருளிலிருந்து வெளியெடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பிய சொற்பட்டியலில் மட்டுமே இருந்தன. அந்த மென்பொருள் (பெயர் வேண்டாம், இன்று அது புழக்கத்தில் இல்லை) வெளியெடுக்கும்போது பழைய எட்டுத்துணுக்கு முறையில் மட்டுமே எழுதத் தெரிந்தது. எதையும் கேளாமல் எழுதியது. பட்டியலைத் திறந்தபோது சொற்கள் இருக்கவேண்டிய பத்தி முழுவதும் கேள்விக்குறிகள்.

எதிர்ப்பத்தியில் தமிழ்ப் பொருள்கள் ஒன்றுவிடாமல் பத்திரமாக இருந்தன. காரணம் வேடிக்கையானது. அந்த மென்பொருளில் தமிழை நாங்கள் டிஸ்கி எழுத்துருவில்தான் தட்டி வந்தோம். அந்தப் பழைய டப்பா மாற்று வேலை 256 அறைக்குள் அடங்குவது. ஆகவே எட்டுத்துணுக்கு வெள்ளத்தில் அது மூழ்காமல் மிதந்து கரை சேர்ந்தது. முறையான இடத்தில் முறையாகக் குடியேறிய எங்கள் எழுத்து மூழ்கிவிட்டது. பொருள்கள் இருக்கின்றன, சொற்கள் இல்லை. உலகில் அகராதிகள் பல திக்கில் சிதைந்திருக்கின்றன. இந்தத் திக்கில் சிதைந்த ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

பழைய படியோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்ததில் உண்மையில் இழந்தவை 61. அவற்றுள் 38 சொற்கள் அந்த மாதங்களில் எழுதிக்கொண்ட கடிதங்களில் இருந்தன. கடிதங்கள் பிழைத்திருந்தன, அவற்றில் வந்தவை கட்டங்கள் மட்டுமே. எஞ்சியவை 23.

அகரவரிசைப்படி எண் கொடுத்திருந்தது இங்கேதான் உதவியது. வெளியெடுத்த பட்டியல் எழுத்தை இழந்திருந்ததே தவிர வரிசையை இழக்கவில்லை. கேள்விக்குறிகளின் எண்ணிக்கையையும் இழக்கவில்லை. ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி என்ற நேர்மை அந்த நிரலுக்கு இருந்தது. ஆகவே காணாமற்போன ஒரு சொல் எத்தனை குறிகளால் ஆனது என்பதும், அறிந்த எந்த இரு சொற்களுக்கு இடையில் அது நின்றது என்பதும் தெரியும். மேலே உள்ள சொல்லும் கீழே உள்ள சொல்லும் ஒரே மூன்று குறிகளில் தொடங்கினால் நடுவில் உள்ளதும் அவ்வாறே தொடங்கியிருக்க வேண்டும். மெய்க்குப் பின் உயிர்க்குறி, சொல்லிறுதியில் இன்னின்ன ஒலிகள்தான் வரும் என்ற எங்கள் இலக்கணமும் சேர்ந்துகொண்டது. சிதைந்த கல்வெட்டைப் படிப்பவர்கள் இப்படித்தான் வேலை செய்வார்கள் போலும் என்று எங்களுக்குள் பெருமை பேசிக்கொண்டோம். இரண்டு மாதங்களில் 12 சொற்களை ஐயமற மீட்டோம். 11 நின்றன.

எங்களுக்குள் இன்றுவரை தீராத வழக்கு அப்போதுதான் தொடங்கியது. மஸ்கட்காரர் சொன்னார்: இனி மூலத்தை இலத்தீன் எழுத்துப்பெயர்ப்பில் வைப்போம், எங்கள் எழுத்து அதன்மேல் போர்த்திய ஆடையாக இருக்கட்டும். அதற்கு வழியும் இருக்கிறது. தோகி போனா என்ற சின்னஞ்சிறு ஆக்கமொழிக்கு, 2014இல் அதன் ஆசிரியர் சோனியா லாங் வெளியிட்ட நூலில், சொல்லுக்கொரு சித்திரம் என்ற எழுத்துமுறை இடம்பெற்றது. அதற்குச் செய்யப்பட்ட எழுத்துருக்கள் சிலவற்றில் சொல்லை இலத்தீனில் தட்டினால் போதும். கூட்டெழுத்து விதியால் எழுத்துரு அதனைச் சித்திரமாக மாற்றிக்காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் சொல் இலத்தீனில் தெரியும். கட்டமும் வராது, கேள்விக்குறியும் வராது.

மதுரைக்காரருக்கு இது ஒப்பவில்லை. உள்ளே இலத்தீனில் எழுதிவிட்டு வெளியே நம் எழுத்தைக் காட்டுவது நாடக ஒப்பனையே தவிர எழுத்தாகாது என்பது அவர் கட்சி. ஒரு மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் அசையாக நிற்கும் எழுத்தை, ஒலிக்கொரு எழுத்தென நீளும் இலத்தீனில் சிந்திக்கத் தொடங்கினால், மொழியே மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவர் அஞ்சுகிறார். எழுத்து இடைவெளியை ஒரு புள்ளி கூட்டினால் கூட்டெழுத்து விதி பல மென்பொருள்களில் அறுந்துபோகும், அப்போது பார்வையாளர் முன்னிலையில் ஒப்பனை கலையும் என்றும் குத்திக்காட்டுவார். அது உண்மைதான்.

மஸ்கட்காரர் பதிலுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குப் போவார். பிங்கெனின் ஹில்டெகார்ட் என்ற ஜெர்மானியத் துறவி ‘அறியா மொழி’ ஒன்றை ஆக்கினார். அதற்கென 23 எழுத்துகளையும் வரைந்தார். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் சொற்கள் கொண்ட தம் சொற்பட்டியலை அவர் விட்டுச்சென்றது இலத்தீன் எழுத்தில்; அருகில் இலத்தீனிலும் ஜெர்மனிலும் பொருள். 23 எழுத்துகள் தனியே ஓர் அட்டவணையாக இருக்கின்றன. எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பட்டியலை நாம் வாசிக்கிறோம். இதற்கு மதுரையிலிருந்து வரும் பதில் எப்போதும் ஒன்றே: ‘அந்த மொழியில் யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள், சொல்லுங்கள்.’

இப்போதைக்கு ஓர் உடன்படிக்கை நிலவுகிறது. அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு புலங்கள். ஒன்றில் எங்கள் எழுத்து, மற்றொன்றில் இலத்தீன் பெயர்ப்பு. எழுத்துருக் கோப்பும், எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் ஒரு பக்கப் பட்டியலும் அகராதியோடு ஒரே கட்டில். சேமிப்பது யூடிஎஃப் 8இல் மட்டும். கடிதங்களை அவரவர் விருப்பப்படி எழுதலாம்.

அந்த 11 சொற்களுக்கு வருவோம். அவற்றின் பொருள்களுக்குப் புதிய சொற்களை ஆக்கிவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். ஒன்பதுக்கு அவ்வாறே செய்தோம். இரண்டில் மனம் ஒப்பவில்லை. ஒன்று, கிணற்றில் விழுந்த பொருளின் ஒலியை எதிர்பார்த்திருக்கும் கணத்துக்கான சொல், எட்டுக் கேள்விக்குறிகள். அது யாருக்கும் நினைவில்லை. மற்றொன்று, விளக்கை அணைத்த பின்னும் கண்ணுக்குள் நிற்கும் அதன் உருவத்துக்கானது, ஆறு கேள்விக்குறிகள். முன்னும் பின்னும் உள்ள சொற்களால் முதல் நான்கு குறிகள் உறுதியாகிவிட்டன. ஐந்தாவது மெய்யில் இருவர் நினைவும் ஒத்துப்போகிறது. ஆறாவது உயிர்க்குறி மேற்சுழியா, கோடா என்பதில்தான் இழுபறி. மதுரையில் சுழி என்கிறார்கள், மஸ்கட்டில் கோடு என்கிறார்கள். இருவருமே பல ஆண்டுகளாகத் தத்தம் வடிவத்தையே கடிதங்களில் எழுதிவந்ததால், சென்ற ஆண்டு அகராதியைத் திருத்தியபோது இரண்டையும் ஏற்றிவிட்டோம். ஒன்றின் எதிரில் மதுரை வழக்கு என்றும் மற்றொன்றின் எதிரில் மஸ்கட் வழக்கு என்றும் குறித்திருக்கிறோம்.